புத்தி சொன்னது போதும்

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்குப் புத்தி சொல்வதை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள். "எத்தனை தடவைடா சொல்றது?" என்று தினமும் நீங்களேதானே கேட்கிறீர்கள்? ஆயிரம் தடவை சொன்னாலும் பலிக்காது. தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் விட்டுவிட்டு வரக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். மிஸ் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்றும் தெரியும். கேட்டுப் பாருங்கள், உங்களைவிடத் தெளிவாகச் சொல்வான். தெரிந்ததைத் தேவைப்படும் அந்த நொடியில் செய்ய முடியாமல் போவதுதான் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு உள்ள பிள்ளையின் சிக்கல். நாம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லி, அது நடக்கவில்லை என்றதும் திமிர் என்கிறோம்.

என் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை வளர்கிறது. பள்ளி வாசலிலும், மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பெஞ்சிலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்டவள் என்ற உரிமையில்தான் கடிந்து எழுதுகிறேன். கோபப்பட்டால் படுங்கள். படித்து முடித்துவிட்டுப் படுங்கள்.

அந்தப் பெஞ்சில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது: "செல்போன்ல கேம்னா மூணு மணி நேரம் அசையாம உட்கார்றான். கணக்கு நோட்டைத் திறந்தா மட்டும் அஞ்சு நிமிஷம் முடியலையாம். எல்லாம் நடிப்பு." பிள்ளையும் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும். நடிப்பு இல்லை, அம்மா. விளையாட்டில் ஒவ்வொரு நொடியும் ஏதாவது கிடைக்கிறது: புள்ளி, சத்தம், அடுத்த கட்டம். கவனத்தை அதுவே பிடித்து வைத்துக்கொள்கிறது. கணக்கு நோட்டு அப்படிப் பிடித்து வைக்காது. அங்கே பிள்ளைதான் தன் கவனத்தை இழுத்துக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அலையும்போது திரும்ப இழுத்து வர வேண்டும், சலிப்பைத் தாங்க வேண்டும். இந்த மூன்றும்தான் அவனுக்குக் கடினம். பிடித்ததில் மூழ்கிப்போவதும் பிடிக்காததில் நிற்க முடியாததும் ஒரே மூளையின் இரண்டு குணங்கள். முதலாவதைச் சாட்சியாக வைத்து இரண்டாவதைப் பொய் என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

"நேத்து செஞ்சானே, இன்னைக்கு ஏன் செய்யல?" என்பது அடுத்த குற்றச்சாட்டு. நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறுவது இந்த நிலையின் தன்மை. தூக்கம், பசி, வகுப்பின் சத்தம், பாடத்தின் சுவாரசியம் எல்லாமே அவனை மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் ஆட்டுகின்றன. நல்லபடியாகப் போன ஒரு நாளை எடுத்துவைத்துக்கொண்டு மீதி நாட்களிலெல்லாம் அதைக் காட்டி அடித்தால், நன்றாகச் செய்வதே ஆபத்து என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

மூளையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கேளுங்கள். 2007இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷாவும் அவருடைய குழுவினரும், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் மூளையை வளர வளர ஸ்கேன் எடுத்து மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார்கள். மூளையின் புறணி தன் முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்குச் சுமார் ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. திட்டமிடவும், காத்திருக்கவும், தன்னை அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்பகுதியில் இந்தத் தாமதம் மிகுதி. வளர்ச்சியின் வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான், வேகம்தான் வேறு. ஒரு பகுதி மட்டும் இவர்களுக்குச் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது: உடல் அசைவை இயக்கும் பகுதி. ஓடச் சொல்லும் இடம் தயாராகிவிட்டது, நிறுத்தச் சொல்லும் இடம் இன்னும் வரவில்லை. நாற்காலியில் நெளிந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் உங்கள் மகனை இனி இதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி பெற்றோருக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார். சுயக்கட்டுப்பாட்டில் இந்தப் பிள்ளைகள் தங்கள் வயதைவிடச் சுமார் 30 விழுக்காடு பின்னால் இருக்கிறார்கள் என்பது அது. பத்து வயது மகனிடம் ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் பொறுப்பை எதிர்பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாகப் பை அடுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஏதோ ஒன்று விட்டுப்போனதற்காகத் திட்டுவீர்களா? அறிவு பின்தங்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. பத்து வயதுக்குரிய அறிவும் அதற்கு மேற்பட்ட கேள்விகளும் அவனிடம் இருக்கும். அதனால்தான் நமக்குக் குழப்பம். இவ்வளவு பேசுகிறவனுக்கு ஒரு ரப்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று எரிச்சல் வருகிறது.

எரிச்சல் கையை ஓங்க வைக்கிறது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியை இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சொல்லப் போகிறீர்கள்? பள்ளியில் ஆசிரியர் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. அதைக் காட்டிப் பள்ளியில் சண்டை போடுகிற அதே பெற்றோர், வீட்டில் ஸ்கேலைத் தேடுகிறார்கள். அடி வாங்கிய பிள்ளையின் நினைவாற்றல் கூடுவதில்லை. கூடுவது வேறொன்று: டைரியை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைக்கும் திறமை, மார்க் வந்த தாளைக் கிழித்துப் போடும் திறமை, "மிஸ் ஹோம்வொர்க்கே கொடுக்கல" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லும் திறமை. பிறகு பொய் சொல்கிறான் என்று அதற்கும் ஒரு அடி. இந்தச் சுழலில் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. "நான் கெட்ட பையன்மா." எட்டு வயதுக் குழந்தை வாயிலிருந்து இதைக் கேட்ட தாய்மார்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

சரி, புத்தி சொல்லக்கூடாது, அடிக்கக்கூடாது, பின்னே என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். வீட்டை மாற்றுங்கள். பிள்ளையின் தலைக்குள் நிற்காததை வீட்டின் சுவரில், கதவில், மேசையில் கொண்டுவந்து வையுங்கள்.

காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். "போய்ப் பல் தேச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, பேக்ல டிபன் பாக்ஸ் வெச்சு, ஷூ போட்டு வா, வேன் வந்துடும்" என்று அடுப்படியிலிருந்தே கத்துகிறோம். உள்ளங்கையில் ஏந்திய தண்ணீர் மாதிரிதான் அந்தப் பிள்ளையின் மனத்தில் நாம் சொன்ன வேலைகள். ஹாலிலிருந்து அறைக்குப் போவதற்குள் ஒழுகிவிடும். குளியலறைக் கதவுக்கு முன்னால் ஒரு காலுறையோடு நின்று பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அருகில் போங்கள், தோளைத் தொடுங்கள், ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். முடித்ததும் அடுத்தது. காலை வேலைகளைப் படமாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். வரைவதை அவனிடமே விடுங்கள். பையை இரவே அடுக்கி வாசல் கதவில் மாட்டுங்கள், ஐ.டி. கார்டும் பெல்ட்டும் அதே ஆணியில். பென்சில் தொலையும், தொலையும் என்று தெரிந்தே மொத்தமாக வாங்கி வையுங்கள். பென்சிலுக்காக நடத்தும் விசாரணையில் நாம் செலவழிக்கும் அன்பின் விலை பத்துப் பென்சிலைவிட அதிகம்.

இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் கண்ணில் தெரிய வேண்டும். "அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்" என்பதில் அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவர்களால் உணர முடிவதில்லை. முள் நகரும் பெரிய கடிகாரம் ஒன்றை அவர்கள் கண் மட்டத்தில் மாட்டுங்கள். மணற்கடிகாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. தூரத்துப் பரிசுகளும் இவர்களிடம் எடுபடாது. "பத்தாவதுல 450 எடு, செல்போன் வாங்கித் தர்றேன்" என்று ஜூன் மாதம் கொடுக்கும் வாக்கு ஜூலைக்குள் ஆவியாகிவிடும். நான்கு கணக்குப் போட்டதும் மாடியில் பத்து நிமிடம் பந்து என்றால் அது வேலை செய்யும். இது லஞ்சம் என்று மாமனார் சொல்வார். சொல்லட்டும். அருகில் கிடைக்கும் பலனைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மூளை கடினமான வேலையைக் கடக்கிறது.

படிக்கும்போது உட்கார்ந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? மொட்டை மாடியில் புத்தகத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து மனப்பாடம் செய்து பாஸான தலைமுறைதானே நாம்? நின்று எழுதட்டும், ஜன்னல் திண்டில் நோட்டை வைத்து எழுதட்டும், வாய்ப்பாட்டைக் குதித்துக்கொண்டே சொல்லட்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடிவிட்டு வரட்டும். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரவைத்தால், அசையாமல் இருப்பதற்கே அவனுடைய சக்தி முழுவதும் செலவாகிவிடும், பாடத்துக்கு எதுவும் மிஞ்சாது. இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் ஏழு மணி நேரப் பள்ளி முடிந்ததும் டியூஷனுக்கும், டியூஷன் முடிந்ததும் ஹிந்தி வகுப்புக்கும் அனுப்புகிறோம். மாலையில் ஒன்றரை மணி நேரம் தெருவில் ஓடுகிற பிள்ளை வீட்டில் அரை மணி நேரம் கூடுதலாக உட்காரும். அந்த ஓட்டத்தைப் பிடுங்கி டியூஷன் வாத்தியாரிடம் கொடுப்பது உங்களுக்கு அழகில்லை.

தவறான இடங்களில் நாம் கொட்டும் பணத்தையும் சொல்லத்தான் வேண்டும். நினைவாற்றல் டானிக், கண்ணைக் கட்டிக்கொண்டு வண்ணம் சொல்ல வைக்கும் 'மிட்பிரெய்ன்' வகுப்பு, பதினைந்து நாளில் கவனத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் விடுமுறை முகாம். இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் கட்டத் தயங்காத கை, ஒரு குழந்தை மனநல மருத்துவரிடம் போக மட்டும் நடுங்குகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். "நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வந்தா?" மகளாக இருந்தால் இந்தப் பயம் இரண்டு மடங்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டு காலியாகக் கிடக்கிறது, தோழி ஒருத்தி கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிற்று வலி வருகிறது. நாமோ பதினைந்து வருடம் கழித்துப் பெண் பார்க்க வரப்போகும் முகம் தெரியாத குடும்பத்துக்காகக் கவலைப்படுகிறோம். இன்றைக்கு அழுகிற குழந்தையை முதலில் பாருங்கள்.

மகள் என்றதும் நினைவுக்கு வருகிறது, பெண் குழந்தைகளைப் பெரும்பாலும் நாம் தவறவிடுகிறோம். ஓடுவதும் உடைப்பதும் மட்டுமே இந்த நிலையின் அடையாளம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தொந்தரவு தராமல், வகுப்பு முழுவதும் வேறு எங்கோ இருக்கும் பிள்ளைக்கும் இது இருக்கலாம். கவனம் சிதறுவது மட்டும் மேலோங்கி, துறுதுறுப்பு இல்லாத வகை அது. "அமைதியான பொண்ணு, கொஞ்சம் மக்கு" என்று ரிப்போர்ட் கார்டில் வராத குறையாக ஆசிரியர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். அவளும் எல்லாரையும்விட இரண்டு மடங்கு நேரம் விழித்திருந்து, நோட்டை அலங்கரித்து, மன்னிப்புக் கேட்டுக் கேட்டுச் சமாளிப்பாள். கல்லூரியில், வேலையில், முதல் பிரசவத்துக்குப் பிறகு ஒருநாள் எல்லாம் சரிந்து விழும்போதுதான் மருத்துவர் முன்னால் வந்து உட்காருகிறாள்.

எல்லாத் துறுதுறுப்பும் ஏ.டி.எச்.டி. இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொன்றரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுப்பப்படும் எந்தக் குழந்தையும் வகுப்பில் நெளியும். காது சரியாகக் கேட்காத பிள்ளை, பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை, வீட்டில் தினமும் சண்டை பார்க்கிற பிள்ளை, சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு உள்ள பிள்ளை, எல்லாருமே கவனம் இல்லாதவர்களாகத் தெரிவார்கள். மருத்துவர்கள் இதையெல்லாம் விலக்கிப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதை விரிவாகக் கேட்டு, பிள்ளையைப் பார்த்து, அளவுகோல் படிவங்களை நிரப்பச் சொல்லித்தான் கண்டறிகிறார்கள். முப்பது நொடி ரீல்ஸைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே முத்திரை குத்தாதீர்கள். வராத முத்திரைக்குப் பயந்து ஓடவும் வேண்டாம்.

எவ்வளவு பேருக்கு இருக்கிறது? உலக அளவில் பிள்ளைகளில் சுமார் 5 விழுக்காடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. கோயம்புத்தூர் மாவட்டப் பள்ளிகளில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வு சுமார் 11 விழுக்காடு என்றது. குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகள். உங்கள் குழந்தை மட்டும் தனியாக எங்கிருந்தோ வந்துவிடவில்லை.

வளர்ப்பில் உள்ள குறையால் வந்ததும் இல்லை. இதைக் கணவன்மார்களும் மாமியார்களும் கவனமாகப் படியுங்கள். "நீ வளர்த்த லட்சணம்" என்ற சொல்லைக் கேட்காத தாய் எங்கள் காத்திருப்புப் பெஞ்சில் ஒருத்தியும் இல்லை. வேலைக்குப் போனதால் வந்தது, செல்லம் கொடுத்ததால் வந்தது, கர்ப்பத்தில் ஏதோ பார்த்துப் பயந்ததால் வந்தது. எல்லாம் அவள் தலையில். இரட்டையர்களை வைத்து நடந்த ஏராளமான ஆய்வுகளின்படி, இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் 70 முதல் 80 விழுக்காடு வரை மரபணு சார்ந்தது. குடும்ப வழியாக வருவது இது. அப்பாக்களே, சாவியைத் தினமும் தேடும், மின்கட்டணத்தைக் கடைசி நாள் தாண்டிக் கட்டும், பேச்சின் நடுவே எழுந்து போகும் ஒருவர் உங்கள் வீட்டில் முன்பே இருந்திருக்கலாம். "நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன், சரியாப் போகலையா?" என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்தச் சிறு வயதில் நீங்கள் வாங்கிய அடியும், விட்டுப்போன படிப்பும், இன்றும் திடீரென்று வெடிக்கும் கோபமும் சரியாகத்தான் போனதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்தபின் அறிகுறிகள் குறையலாம், உருமாறலாம். பலருக்கு அவை முழுவதும் விலகுவதில்லை.

நம் பார்வையே பிள்ளையை மாற்றிக் காட்டும் என்பதற்கு 1994இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. சர்க்கரை சாப்பிட்டால் என் மகன் ஆட்டம் போடுவான் என்று நம்பிய தாய்மார்களை அழைத்தார்கள். பிள்ளைகள் எல்லாருக்குமே சர்க்கரை இல்லாத பானம்தான் கொடுத்தார்கள். பாதித் தாய்மார்களிடம் மட்டும் நிறையச் சர்க்கரை கொடுத்ததாகச் சொன்னார்கள். அவர்கள் தங்கள் மகன் அதிகமாக ஆடுவதாகச் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை, பிள்ளையை நெருங்கியே நின்று, அதிகம் குறை சொல்லி, கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். இனிப்பை அளவாகக் கொடுங்கள், பல்லுக்கு நல்லது. ஆனால் பாலில் போட்ட சர்க்கரையைக் குற்றவாளியாக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இனி மருந்து. இங்கேதான் அதிகம் பேர் பாதியில் இறங்கிப் போகிறார்கள். "மூளைக்கு மருந்தா? அடிமையாக்கிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் மாத்திரை அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. இதற்குக் கொடுக்கும் மீதைல்ஃபெனிடேட் என்ற மருந்து 1944இல் உருவாக்கப்பட்டது. இந்த வகை மருந்துகள் பிள்ளைகளின் கவனத்தை ஒழுங்குபடுத்துவதை அதற்கும் முன்பே, 1937இல், அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி எழுதியிருக்கிறார். மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அது பிள்ளையைப் போதைக்கு அடிமையாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பக்க விளைவுகள் உண்டு: பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், தலைவலி வரலாம். எனவேதான் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்கிறார்கள். காலையில் மாத்திரைக்கு முன் வயிறார இட்லி கொடுங்கள், மதியம் டிபன் பாக்ஸ் பாதியாகத் திரும்பி வந்தால் திட்டாமல் இரவில் ஈடுகட்டுங்கள். பிடிக்காத விளைவு ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றுவார், ஆட்டமாக்ஸெட்டின் போன்ற வேறு மருந்து தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் மருந்து வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில். 579 பிள்ளைகளை 14 மாதம் தொடர்ந்து பார்த்து 1999இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாகக் கொடுத்த மருந்து நடத்தைப் பயிற்சியைவிட முன்னால் நின்றது. ஆனால் அதே பிள்ளைகளைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வேறுபாடு மங்கியிருந்தது. ஒருமுறை சிகிச்சை கொடுத்து முடித்துவிடும் காரியம் இல்லை இது. மருந்து பிள்ளையை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அந்த நேரத்தில் பழக்கத்தைக் கட்டுவது வீடும் பள்ளியும்.

பள்ளியிடம் மறைக்காதீர்கள். "சொன்னா சீட் கிழிச்சிடுவாங்க" என்ற அச்சம் எல்லா இடத்திலும் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லாவிட்டாலும் வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். பெயர் தெரியாததால் 'அடங்காதவன்' என்று வைத்துக்கொள்கிறார். அவரிடம் பெரிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. முன் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி ஓர் இடம். கரும்பலகையை அழிக்கவும் நோட்டுக் கட்டைப் பக்கத்து வகுப்புக்குக் கொண்டுபோகவும் இவனை எழுப்புதல். ஹோம்வொர்க்கை டைரியில் எழுதினானா என்று ஒரு பார்வை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. இது பெரிய குறை, பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டிய குறை. ஆனால் ஏ.டி.எச்.டி. உள்ள பல பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. அதையும் சோதித்துச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடி வராதீர்கள். ஆறாம் வகுப்பிலேயே பாருங்கள்.

மூளைகள் பலவிதம், மனித இனத்தின் இயல்பான பன்மையில் இவையும் சேர்த்தி என்ற சிந்தனை 1990களின் இறுதியில் ஆட்டிசம் உள்ளவர்கள் மத்தியிலிருந்து எழுந்தது. அதை இப்போது சிலர் பிடித்துக்கொண்டு, ஏ.டி.எச்.டி. ஒரு வரம், மைக்கேல் ஃபெல்ப்ஸைப் பாருங்கள், சிமோன் பைல்ஸைப் பாருங்கள் என்கிறார்கள். அவர்கள் இருவருக்கும் இது உண்டு, ஒலிம்பிக் தங்கங்களும் உண்டு. உங்கள் பிள்ளை தங்கம் வாங்கினால்தான் ஏற்றுக்கொள்வீர்களா? வகுப்பில் இருபத்தைந்தாவது ரேங்க் வாங்கிக்கொண்டு, தெருநாய்க் குட்டிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டு சாதாரணமாக வளர அதற்கு உரிமை கிடையாதா? ஏற்றுக்கொள்வது என்றால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இனிச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காமல் இருப்பது. விருந்துக்குப் போன இடத்தில் அவன் தட்டைக் கொட்டிவிட்டால், மன்னிப்புக் கேட்கும் அவசரத்தில் அவனை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்காமல் இருப்பது. நாள் முடிவதற்குள் அவன் சரியாகச் செய்த ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது: "நல்ல பையன்" என்று பொதுவாக இல்லாமல், "கூப்பிட்டதும் டிவியை அணைச்சியே, அது நல்லா இருந்தது" என்று.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு: 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் பார்க்க வேண்டிய நிலைகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி. இருக்கிறது, அந்தத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. வாய்விட்டுப் பேச மட்டும் ஓர் ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

போகும்போது எல்.கே.ஜி. முதல் உள்ள ரிப்போர்ட் கார்டுகளையும், இரண்டு பாட நோட்டுகளையும், டைரியில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போங்கள். அப்பாவுக்கு அன்று லீவு கிடைக்காவிட்டால் வேறு நாள் வாங்குங்கள். எங்கே போகிறோம் என்று பிள்ளையிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் அவன் முன்னால் குற்றப்பட்டியல் வாசிக்க ஆரம்பிக்காதீர்கள். அதை வீட்டிலேயே தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்குப் பிள்ளையையே பதில் சொல்ல விடுங்கள்.